கோண ஊக்கு

ஒரு அம்மாவின் தாலிக்கயிற்றில் இரண்டு ஊக்குகள் தொங்கின. ஒன்று புதுசு, இன்னொன்று கோணல். சேலை மடிப்புக்குக் குத்த அம்மா எப்போதும் புதுசைத்தான் எடுப்பாள்.

"நான் தோள்ல உட்கார்ந்து கல்யாணமே பார்த்தேன். நீ ஜாக்கெட்டுக்குள்ள இருட்டைத்தானே பார்த்தே, கோணவாயா?" என்று புதுசு கேலி செய்தது.

கோணலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னை ஒதுக்கினவளைச் சும்மா விடமாட்டேன். இனிமே வாயைத் திறந்தே வச்சிருக்கப் போறேன். தொடுற கையில ஏறட்டும்."

"எந்தக் கை வரும்னு உனக்குத் தெரியுமாடா?"

"எது வந்தா எனக்கென்ன? எனக்காக யாராவது அழுதாங்களா?"

காலையில் அம்மா பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். பிள்ளை குடித்துக்கொண்டே வழக்கம்போலக் கோணலைத் தேடிக் கையை நீட்டினான். தினமும் அவன் பிடித்து ஆட்டி விளையாடுவது அதைத்தான். கோணலுக்கு அப்போதுதான் அது நினைவு வந்தது. அவசரமாக வாயை மூடப் பார்த்தது. வளைந்த கம்பி மூடவில்லை.

பிள்ளை வீறிட்டான். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

அம்மா பதறிப்போய் இரண்டு ஊக்கையும் கழற்றி ஜன்னல் திட்டில் வீசினாள். புதுசு கோபத்தில் திரும்பிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கோணல் மெல்லக் கேட்டது.

"பிள்ளை அழுகையை நிறுத்திட்டானா?"