காலிக் கொக்கி

பல்கலைக்கழகத் தேர்வு முடிந்ததும் ஜூலையில் இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட) கிரிக்கெட் அணிக்கு ஆட வந்துவிடுவான் ஹ்யூ. இது மூன்றாவது கோடை. இன்று காலை உடை மாற்றும் கீழறையில் அவன் கொக்கி காலியாக இருந்தது. பையைக் காணோம்.

"கேப்டன்தான் எடுத்துட்டுப் போனாரு," என்றான் சுழற்பந்து வீசும் ஸ்டான். "நேத்து சதம் அடிச்சா ஆச்சா, துரை? கடைசி கேட்சைக் கோட்டை விட்டு மேட்சையே தோத்துக் குடுத்தீங்களே! ஊருக்கு ரயில் எப்பன்னு பாருங்க."

துரத்துவதற்குள் நாமே போய்விடலாம் என்று ஹ்யூ மாடியேறி, மேலறை வாசலில் நின்றான்.

"சார், நானே விலகிக்கிறேன். பையை மட்டும் குடுத்துடுங்க."

"உள்ள வந்து எடுத்துக்க," என்றார் கேப்டன் ஹாலிடே.

"அணியில நிரந்தர இடம் கிடைச்சு கவுண்டி தொப்பி வாங்காதவன் இந்த அறைக்குள்ள வரக் கூடாதே, சார்."

"அது தெரியுதில்ல? அப்ப உன் பை மட்டும் எப்படி உள்ள வந்துச்சாம்?"

ஜன்னலோரக் கொக்கியில் அவன் பை தொங்கியது. அதன் மேல் புத்தம் புதுக் கவுண்டி தொப்பி.

படிக்கட்டிலிருந்து ஸ்டான் கத்தினான்: "இனிமே கேட்சை விட்டாலும் தொப்பியோட விடுங்க, துரை!"