பனி தள்ளும் முறை

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் குடியிருப்பின் வாசலை வாரத்துக்கு ஒரு வீட்டார் பெருக்க வேண்டும், பனி விழுந்தால் தள்ள வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். அந்த ஜனவரியில் அது கீழ்வீட்டுக் கோன்லேயின் கதவில் தொங்கியது. போர்க்காலத்தில் அவர் நாஜி வதைமுகாமில் கைதிகளை வரிசையில் நிறுத்தி எண்ணும் காவலராக இருந்தார். சாட்சிகள் செத்துப்போனதால் வழக்கை மூடிவிட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முற்றத்துப் பனியில், முகாம் கைதிகள் போட்டிருந்த மாதிரி மரக்கட்டைச் செருப்புத் தடங்கள் இருந்தன. வரிசைக்கு ஐந்து பேராகப் பத்து வரிசை, அவர் கதவைப் பார்த்து. வந்த தடம் இல்லை, போன தடமும் இல்லை.

"தள்ளிவிடுங்க சார். யாராவது வழுக்கி விழுந்தா நீங்கதான் பதில் சொல்லணும்," என்றேன்.

கோன்லே வாசற்படியில் நின்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். "கடைசி வரிசையில ஒன்னு குறையுதும்மா."

"குறைஞ்சா என்ன?"

"கணக்கு சரியாகிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது."

சாயங்காலமும் வீட்டுச் செருப்போடு வாசற்படியிலேயே நின்றிருந்தார்.

மறுநாள் காலை அவர் இல்லை. கடைசி வரிசையின் காலியிடத்தில் வீட்டுச் செருப்பின் தடம் ஒரு ஜோடி இருந்தது.

பலகையைக் கழற்றி என் கதவில் மாட்டினேன். பிறகு ஐம்பதையும் தள்ளி ஒதுக்கினேன்.