ஃபோனை மட்டும்

"வளர்த்த செல் எதுவும் தேறலம்மா" என்று பேச்சித்தாயிடம் சொல்லிவிட்டாள்.

சொன்னபின் தரையைப் பார்த்தாள். ஆய்வக வாசலில் பேச்சித்தாய் கழற்றிவிட்ட ரப்பர் செருப்புகளில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

பொய் இல்லை. தேறவில்லைதான்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தச் சின்ன இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. உள்ளங்கை அகல உருளை. பேச்சித்தாயின் மகள் இசக்கிராணியின் வயிற்றுக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த செல்கள் அதற்குள் இருந்தன. சுழன்றுகொண்டிருக்கும்வரை அவை அடியில் படியாது. மிதந்தபடியே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஜவ்வரிசியைவிடச் சின்ன உருண்டைகளாகத் திரளும். அவற்றின்மேல் ஒவ்வொரு மருந்தாகப் போட்டுப் பார்ப்பார்கள். கட்டி எதற்குக் கேட்கிறதோ, அந்த மருந்து இசக்கிராணிக்கு.

போன வாரம் நன்றாகவே திரண்டிருந்தன. நுண்ணோக்கியில் பேச்சித்தாய்க்கு அவளே காட்டினாள்.

"இங்கன கிடந்து நல்லா வளரட்டும். எம்புள்ள வயித்துல வளராம இருந்தாச் சரி."

கண்ணாடிக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள் அந்தத் தாய்.

நேற்று மாலை, ஆய்வக வேலைக்கு நடுவே, இவளுடைய ஃபோனில் சார்ஜ் இல்லை.

ப்ளக் பாயின்ட் ஒன்றுகூடக் காலியாக இல்லை. ஒன்றைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம்தானே. ஃபோனைச் செருகிவிட்டு வேறு வேலையில் மூழ்கிவிட்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஞாபகமாக எடுத்துக்கொண்டாள்.

ஃபோனை மட்டும்.

காலையில் உருளை நின்றிருந்தது. எல்லாம் அடியில் படிந்து, ஒட்டி, செத்துக் கிடந்தன.

யாரும் வருவதற்குள் ப்ளக்கைச் செருகினாள். ஒன்றுமே நடக்காததுபோல் அது சுற்ற ஆரம்பித்தது.

"சிலது தேறாது" என்றார் பிறகு வந்து பார்த்த பேராசிரியர்.

அவள் தலையாட்டினாள்.

இப்போது பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்னதுலேருந்தே அவ நோஞ்சான் டாக்டரம்மா. இதுலயும் சத்தில்லாமப் போச்சு. ஒங்க பாடெல்லாம் வீணாப் போச்சே. மன்னிச்சுக்கிடுங்க."

அவள் டாக்டர் இல்லை. ஆராய்ச்சி மாணவி. பேச்சித்தாய் அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் திருத்தியதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

"திரும்பவும் ஊசி குத்தித்தான எடுக்கணும்? போன தடவையே துடிச்சிட்டா. அவகிட்ட முன்னக்கூட்டியே சொல்லிருதேன். எம் ஃபோன்ல சார்ஜ் இல்ல. ஒங்க ஃபோனக் கொஞ்சம் தாரியளா?"

எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். சார்ஜ் நிறைய இருந்தது.

"ஏட்டி, அது தேறலியாம்... ஆமா, இன்னொருக்கா... அழாதட்டி."

பேச்சித்தாய் வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு ஃபோனை நீட்டினாள்.

"நான் ஒழுங்காச் சாப்பிடாததுனாலதான் இப்படி ஆச்சான்னு கேக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. அவ மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டாக்டரம்மா."

வாங்கினாள். பேச்சித்தாயின் கன்னச் சூடு அதில் இருந்தது.

அந்தப் பக்கம் விசும்பல்.

இந்தப் பக்கம், முதுகுக்குப் பின்னால், உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

"இசக்கிராணி" என்றாள்.

திரும்பி உருளையைப் பார்த்தாள். மறுபடி சொன்னாள்.

"இசக்கிராணி, நான் டாக்டர் இல்ல."