சாட்சிக்கு ஒரு வகுப்பு

"கத்தி எந்தக் கையில இருந்துச்சு? சத்தமா சொல்லு."

ஆளில்லாத விரிவுரை மண்டபத்திலும் சுகிர்தனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் படிக்க வந்த அவனுக்கு நான்கு பேர் முன்னால் பேச வராது. விடியற்காலையில் வெறிச்சோடிய பஸ் தரிப்பிடத்தில் ஒரு வாய்த்தகராறு. அவன் கண்ணெதிரேதான் அவனுடைய நண்பனை ஒருவன் வெட்டிச் சாய்த்தான். வேறு சாட்சி இல்லை. வெட்டியவன் பிணையில் வெளியே இருந்தான். மூன்று வாரத்தில் வழக்கு.

"கூண்டுல நீ ஊமையா நின்னா, கொன்னவன் சிரிச்சுக்கிட்டே வெளிய போயிடுவான்," என்றாள் விரிவுரையாளர் மைதிலி. "இன்னொரு தடவ சொல்லு."

மறுநாள் மாலை ஒரு முரட்டுக் கை அவள் கூந்தலைப் பற்றி முகத்தைச் சுவரில் மோதியது.

"அந்தப் பயல பேச வச்சே, அடுத்த வெட்டு ஒனக்குத்தான்."

உதட்டில் நான்கு தையலோடு அவள் மீண்டும் வகுப்புக்கு வந்தாள்.

"யாரு மிஸ் அடிச்சது?"

"அத விடு. நீ பாத்தத மொதல்லேருந்து சொல்லு."

வழக்கு நாளில் சுகிர்தன் திக்காமல் திணறாமல் எல்லாவற்றையும் சொன்னான். எதிரிக் கூண்டில் நின்றவனை நோக்கிக் கையையும் நீட்டினான். நீதிபதி அந்த இடத்திலேயே பிணையை ரத்துச் செய்தார்.

விலங்கு பூட்டும்போது அந்த ஆள் சுகிர்தனைப் பார்க்கவேயில்லை. கடைசி வரிசையில் இருந்த மைதிலியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"வீட்டுக்கு வந்து வச்சுக்கிறேன்டி."

எட்டு வருடக் குடித்தனத்தில் அவனை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிராத மைதிலி எழுந்து நின்றாள்.

"வீட்டுக்கு இனிமே நான் மட்டுந்தாங்க போவேன்," என்றாள், நீதிமன்றம் முழுவதும் கேட்க.