அழித்த வண்டி

"அப்பா, நீங்க படத்துல அழிக்கிறவங்க எல்லாம் எங்க போவாங்க?" என்று மகள் பெனிட்டா ஒருமுறை கேட்டாள். இரவு வீதிகளைப் படமெடுத்துத் திருத்தும் தேவசகாயம் சிரித்து மழுப்பினார்.

அவர் திருத்திய படத்தில் இருப்பதுபோலவே நகராட்சியின் தானியங்கி இயந்திரங்கள் விடிவதற்குள் வீதியை மாற்றிவிடும். பெரிய கலைஞர் என்ற நினைப்பில், மூலையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வார். அன்று அழகைக் கெடுக்கிறதென்று ஒரு சுக்குக்காப்பி வண்டியை அழித்து, அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தார்.

காலையில் அங்கே பூந்தொட்டிதான் இருந்தது. வண்டிக்காரர் காளியப்பன் திகைத்து நின்றார்.

"சார், என் வண்டியப் பாத்தீங்களா? நேத்து மழையில உங்க கேமராவுக்குக் குடை பிடிச்சேனே, அப்ப இங்கதானே இருந்துச்சு?"

கலைஞர் திரும்பி வீட்டுக்கு விரைந்தார்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, "கர்த்தாவே" என்று முணுமுணுத்தபடி வண்டியைப் படத்தில் திரும்ப வைத்தார். பிறகு, மூலையில் பெயர் போடாமல், வண்டிக்கு மேலே மழைக்கு ஒரு கூரை வரைந்தார்.