இருநூறு கிராம்

புது ரேஸ் சைக்கிளுக்கு இரண்டு கியர் செட்டுகள் சைக்கிள் கடை மேசையில் இருந்தன. மூன்றாவது சனிக்கிழமையாக வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பேட்டரி கியர் சட்டுனு மாறும். கேபிள் கியர் இருநூறு கிராம் கம்மி. மேட்டுல அதுதான் முக்கியம்.”

மெக்கானிக் அவருடைய தொப்பையைப் பார்த்தார். “ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சா ரெண்டு கிலோவே குறையுமே சார்.”

“அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? போன ரேஸ்ல நான் பார்த்துப் பார்த்து வாங்கின கியர் மேட்டுல சிக்கிடுச்சு. ரெண்டு நொடியில மெடல் போச்சு. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை விடக்கூடாது.”

மெக்கானிக் இப்போது தொப்பையை மரியாதையோடு பார்த்தார்.

ஹெல்மெட்டும் வியர்வையுமாக வாடிக்கையாளரின் மனைவி உள்ளே வந்தாள்.

“நான் எழுபது கிலோமீட்டர் ஓட்டிட்டே வந்துட்டேன். நீங்க இன்னும் முடிவு பண்ணலையா?”

“பண்ணிட்டேன். கேபிள்தான்.”

அவள் மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

“அப்ப என் சைக்கிளுக்கு இன்னொன்ன மாட்டுங்கண்ணே.”