இரண்டு கீழ் பெர்த்

“வெள்ளிக்கிழமை ஆக்ரா போய் இன்னாக்கா பண்றது? அன்னிக்கு தாஜ்மகால் மூடிக்கினு இருக்குமாம். இதோ பாரு.”

அம்சவள்ளி அடுப்பைத் தணித்துவிட்டு செல்போனை நீட்டினாள்.

“நல்ல வேளை பாத்த!” என்றாள் பொன்னி. “அப்போ வெள்ளிக்கிழமை உன் ஹரித்வாரு, சனிக்கிழமை என் தாஜ்மகால். ராத்திரிக்கு டெல்லி திரும்பி என் பையன் ரூம்ல படுத்துக்கலாம்.”

“கங்கையில முழுக்கு போட்டுட்டு அன்னிக்கே திரும்பணுமா?”

“பின்ன? அங்கயே துணி காயப் போட்டுக்கினு உக்காந்திருப்பியா? நமக்கு இருக்கறதே ரெண்டு நாளு.”

பொன்னியின் மகன் வெற்றிவேலுக்கு டெல்லியில் வேலை. போன வருடம் விழுப்புரத்திலிருந்து ஆசை ஆசையாக அங்கே போனவள், இருந்த நாளெல்லாம் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று காலிஃபிளவர் வண்டியைத்தான் பார்த்தாள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட வந்த கணவர் அரசப்பனோ, வழி தெரியாது, மொழி தெரியாது என்று செருப்பையே மாட்டவில்லை. டெல்லியைத் தாண்டி ஓர் ஊரையாவது பார்த்துவிட வேண்டும், அதற்குத் தோதாக ஒரு துணை வேண்டும் என்று அன்றிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள். அந்தத் துணைதான் இப்போது திண்டிவனத்து அடுப்படியில், வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்தபடி ரயில் தேடிக்கொண்டிருந்தது.

“இந்திக்கு இன்னா பண்றது அம்சா?”

“அந்த பேஜாரே வேணாம்க்கா. எங்க தெருவுல கட்டட வேலைக்கு வந்திருக்கற வடக்கத்தி பசங்களுக்கு நான்தான் சோறு பொங்கிப் போடறேன். ‘கொழம்பு போதுமா, இன்னும் வேணுமா’ங்கற வரைக்கும் இந்தி எனக்குத் தண்ணி பட்ட பாடு.”

“ஆட்டோக்காரன் கிட்ட போய் கொழம்பு வேணுமான்னு கேட்டா, நடுரோட்டுல எறக்கி விட்டுருவான்டி!”

இருவரும் சிரித்த சிரிப்பில் தட்டு ஒன்று தரையில் உருண்டது. கூடத்தில் அம்சவள்ளியின் கணவர் மாசிலாமணியோடு மல்லாட்டை விலையும் கடலை எண்ணெய் விலையும் பேசிக்கொண்டிருந்த அரசப்பன் கழுத்தை நீட்டினார்.

“உள்ள இன்னா அவ்ளோ சிரிப்பு?”

“ஒண்ணுமில்லீங்க, காபி போட்டுக்கினு இருக்கோம்” என்று இருவரும் ஒரே குரலில் பொய் சொன்னார்கள். மொட்டை மாடியில் வெற்றிவேலும் அம்சவள்ளியின் மகள் சங்கவியும் பேசிக்கொண்டிருப்பது லேசாகக் கேட்டது.

“ஜல்தியா டிக்கெட்டைப் போடு” என்று பொன்னி கிசுகிசுத்தாள். “அவரு காதுல வுழுந்தா ஆயிரம் நொட்டை சொல்லுவாரு. விழுப்புரத்துலயே ரயில் ஏறிக்கலாம். நீ இங்கேர்ந்து பஸ்ஸைப் புடிச்சு வந்துடு, நான் ஸ்டேஷன்ல நிக்கறேன்.”

“புளிசோறு என் பொறுப்பு.”

“மல்லாட்டை உருண்டை என்னுது. வயிறு வாடக் கூடாது.”

“வயசு கேக்குதுக்கா.”

“அம்பத்திரெண்டு.”

“எனக்கு அம்பது. அப்போ அக்கான்னு கூப்பிட்டது சரிதான்.”

செல்போனில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பொன்னி திருவக்கரை காளியம்மனை வேண்டிக்கொண்டாள்.

“அக்கா! கன்ஃபார்ம்! ரெண்டுமே கீழ் பெர்த்து!”

பொன்னி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை சந்தோஷம் கடைசியாக எப்போது வந்தது என்று அவளுக்கே நினைவில்லை.

அப்போது படிகளில் காலடிச் சத்தம். வெற்றிவேலும் சங்கவியும் இறங்கி வந்து கூடத்தில் நின்றார்கள். அடுப்படியிலிருந்து பெண்கள் இருவரும் வெளியே வந்தார்கள்.

“அம்மா, நாங்க மனசு விட்டுப் பேசிட்டோம்” என்றான் வெற்றிவேல். “அவங்களுக்கு டெல்லி வேணாமாம். என்னால டெல்லிய விட முடியாது. இந்தக் கல்யாணம் ஒத்து வராதும்மா.”

சங்கவியும் சிரித்த முகமாகவே தலையாட்டினாள்.

அரசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, பொண்ணு பாக்க வந்தோம், பாத்தாச்சு. கெளம்பு பொன்னி.”

அம்சவள்ளியின் முகம் வாடிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு இந்த வீட்டு வாசலில் முதன்முறையாகப் பார்த்த அவளுடைய கையைப் பொன்னி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“பசங்களுக்கு ஒத்து வரலைன்னா போவட்டும்ங்க. எனக்குப் பொண்ணோட அம்மாவைப் புடிச்சுப்போச்சு, தேதியும் குறிச்சாச்சு!”